திருப்பத்தில் நின்ற பேனர்

"தொட்டுப் பாரும்மா! அந்த பேனர் மேல ஒரு விரல் பட்டுதுன்னா, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

வேட்பாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருடைய இரும்புக்கடைதான் இப்போது தேர்தல் அலுவலகம். உள்ளே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்களும் கூடவே எழுந்தார்கள்.

எதிரே தனியாக நின்றிருந்தாள் நகராட்சி ஆய்வாளர். தெருவில் எந்த பேனர் நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்று பார்ப்பது அவள் வேலை.

"சார், ரோடு திரும்பற இடத்துல பேனர் வைக்க அனுமதியே கிடையாது. நீங்க கேக்கவும் இல்லை. எதிர்ல வர்ற வண்டி தெரியாம, போன வாரம் ஒரு தையல்காரம்மாவை வேன் இடிச்சு, கால் ஒடிஞ்சு..."

"என்கிட்ட கதை விடாதே! அந்த பேனர்ல யார் படம் இருக்குன்னு பார்த்தியா? எங்க தலைவர் படம்! அவர் முகத்துக்கே நீ அனுமதி கேப்பியா?"

விசில் பறந்தது. அவருக்கு இன்னும் சூடேறியது.

"நாளைக்குக் காலையில ஊர்வலத்துக்கு எல்லாரும் பாலத்துப் பக்கம் போயிடுவோம், திருப்பத்துல ஈ காக்கா இருக்காது, அந்த நேரம் பார்த்துக் கழட்டிடலாம்னு கனவு காணாதே! போ, போ!"

காது மடல் எரிய வெளியே வந்தாள்.

மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"விட்டுடும்மா. தேர்தல் முடிஞ்சதும் அவங்களே எடுத்துக்குவாங்க."

"அதுவரைக்கும் அந்தப் பக்கம் நடக்கிறவங்க சார்?"

"பார்த்து நடக்கட்டும்."

வீட்டில் கணவன் இன்னும் நேராகவே கேட்டான்.

"ஊர்ல நியாயம் பேச நீ ஒருத்திதான் மிச்சமா? எங்கேயாவது தூரமா மாத்திட்டான்னா, படுத்த படுக்கையா கிடக்கிற எங்கம்மாவை யாரு பார்ப்பா?"

மாமியாருக்குக் கஞ்சி புகட்டும்போது, போன வாரம் அவள் கண்ணெதிரே நடுரோட்டில் கிடந்த அந்தத் தையல்காரம்மாதான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தாள். கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். 'என் காலு, என் காலு' என்றுகூடக் கத்தவில்லை. 'மிஷினை எப்படி மிதிப்பேன், மிஷினை எப்படி மிதிப்பேன்' என்றுதான் அரற்றினாள்.

மறுநாள் காலை நகராட்சி லாரி திருப்பத்துக்குப் போனது. ஊர்வலச் சத்தம் பாலத்துப் பக்கம் கேட்டது. கோபத்தில் அந்த ஆளே வாய் தவறி நேரத்தை உளறியது நல்லதாய்ப் போயிற்று.

ஏணியில் ஏறிய தொழிலாளி பாதியில் நின்றுவிட்டார்.

"மேடம், நல்லா யோசிச்சுட்டீங்களா? கீழே இறக்கிட்டா இறக்கினதுதான்."

"ஏறுங்கண்ணே. யாராவது கேட்டா, நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லுங்க."

கயிறு அறுந்தது. தலைவர் மடங்கி மடங்கிக் கீழே வந்தார். மறைந்து கிடந்த தெரு கடைசி வீடு வரை தெரிந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கடந்து போனார்.

நண்பகலுக்குள் விஷயம் பரவிவிட்டது. ஊர்வலம் அப்படியே நகராட்சி அலுவலகத்துக்குள் புகுந்தது. மேலதிகாரிக்குச் சரியாக அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கி, ஆள் மாயமாகிவிட்டார்.

வேட்பாளர் மேஜையில் ஓங்கி அறைந்ததில் தண்ணீர் டம்ளர் உருண்டது.

"என்ன தைரியம் இருந்தா கை வெச்சிருப்பே! எவன் கொடுத்த தைரியம்?"

சுற்றிலும் செல்போன்கள் படம் பிடித்தன.

"அனுமதி வாங்கிட்டு வாங்க சார்," என்றாள். "எங்கே வைக்கலாமோ அங்கே நானே நின்னு நட்டுத் தர்றேன்."

"நீ இந்த நாற்காலியில இன்னும் எத்தனை நாள் உக்கார்றேன்னு நானும் பார்க்கிறேன்! தலைவரை அவமானப்படுத்தினவளை இந்த ஊர் சும்மா விடாது!"

"தலைவர் வாழ்க!" என்று கூரை அதிர்ந்தது. ஒரு வழியாகக் கூட்டம் இறங்கிப் போனது.

அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். தண்ணீரில் நனைந்த கோப்புகளை எடுத்து ஓரமாக வைத்தாள். வீட்டில் இதை எப்படிச் சொல்வது? மாமியாரை எப்படி வண்டியேற்றிக் கூட்டிப் போவது?

"நீங்க முன்னால போங்கப்பா. என் கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன்."

படிக்கட்டில் குரல் கேட்டு நிமிர்ந்தாள். வேட்பாளர் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த ரவுண்டு போலிருக்கிறது என்று எழுந்து நின்றாள்.

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"உக்காருங்கம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "தலைவர் படத்தை நான் கழட்டினா, அன்னிக்கே என்னைக் கழட்டி விட்டுடுவாங்க. நீங்க செஞ்சாத்தான் உண்டு. உங்களை யாரும் எங்கேயும் மாத்த மாட்டாங்க, அதை நான் பார்த்துக்கறேன்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஆஸ்பத்திரி முனையிலயும் நம்ம பேனர் ஒண்ணு வழியை மறைச்சுக்கிட்டு நிக்குது. நாளைக்கு அதையும் எடுத்துடுங்க. நான் வந்து இன்னும் கொஞ்சம் சத்தமா கத்தறேன்."