முதல் சட்டி

அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் மாடியின் கூரைத் தளம். கம்பி கட்டி முடிந்திருந்தது. கீழே கலவை மெஷின் இன்னும் ஓடவில்லை. சைட் இன்ஜினியர் அவள் சொன்னால்தான் ஓடும்.

கையில் ஒரு அட்டை. சரிபார்க்க வேண்டியவை பதினான்கு வரிகள். ஒன்பதுக்கு நேரே டிக்.

"மேடம், பத்தரைக்கு ராகு காலம். எட்டு நிமிஷந்தான் இருக்கு" என்றார் மேஸ்திரி சௌரிமுத்து. குரலைத் தாழ்த்தினார். "ஐயா மூஞ்சில ராகு இப்பவே வந்து உக்காந்தாச்சு."

வீட்டுக்காரர் சடகோபன் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார்.

முதல் மாடியிலும் இப்படித்தான். அன்றும் வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு முன் கான்கிரீட் போட அவசரம். குளியலறைக் குழாய்க்கு வழி விட மறந்தார்கள்.

பிறகு தளத்தைத் துளைத்தார்கள். மூன்று நாள். இரண்டு கம்பிகள் அறுந்தன.

அந்த இடம் இன்னும் கசிகிறது.

அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போகும்.

"ஏம்மா, பரீட்சையா எழுதறே?" சடகோபன் கத்தினார். "நேரம் தப்பிச்சுன்னா இன்னிக்கு வேலையே வேண்டாம். எல்லாரும் கிளம்புங்க."

அவள் ஈசானிய மூலைக்குப் போனாள். காலையிலேயே சரிபார்த்து முடித்த மூலை.

"மேஸ்திரி, மெஷின் வேண்டாம். கையாலயே கலந்து ஒரு சட்டி கொண்டாங்க. ஒண்ணே ஒண்ணு."

சட்டி வந்தது. சடகோபனிடம் நீட்டினாள்.

"ஐயா, உங்க கையால ஆரம்பிங்க."

கொட்டினார். கற்பூரம் எரிந்தது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பத்து இருபத்தெட்டு.

"நேரத்துக்கு ஆரம்பிச்சாச்சு. இனிமே எப்ப வேணா முடிங்க." சடகோபன் முகம் தெளிந்திருந்தது. சர்க்கரைப் பொங்கல் கொடுக்கக் கீழே இறங்கினார். மேஸ்திரி தவிர மற்ற ஆட்கள் பின்னால் போனார்கள்.

அவள் பத்தாவது வரிக்குத் திரும்பினாள்.

குளியலறை. கம்பிகளுக்கு நடுவே குனிந்தாள். கையை விட்டுத் தடவினாள்.

குழாய் இல்லை.

சௌரிமுத்துவும் குனிந்து பார்த்தார். குழாய்த் துண்டு எடுத்துவரப் போனார்.

கீழிருந்து நெய் வாசனை வந்தது. ராகு காலம் தொடங்கியிருந்தது.

பட்டியலின் உச்சியில், ஒன்றாம் வரிக்கும் மேலே, கொஞ்சம் இடம் இருந்தது.

எழுதினாள்.

முதல் சட்டி. வீட்டுக்காரர் கையால்.

பிறகு பதினொன்றாவது வரியைப் படித்தாள். நிதானமாக.