சாக்கில் வந்த அத்தாட்சி

"சாக்குல என்ன?" என்றார் பஸ் கண்டக்டர்.

"எங்கப்பாருங்க" என்றான் மாயாண்டி.

கொட்டகலையில் ஏறிய கூட்டம் சட்டென்று விலகி நின்றது. அவன் மனைவி ராக்காயி பதறிப்போய்ச் சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே இருந்தது, அவளுடைய மாமனார் வீரய்யாவின் சமாதிக் கல்.

இன்று ஹட்டனில் அவர்களுக்குப் பிரஜாவுரிமை விசாரணை. முப்பத்தொன்பதாம் வருஷத்திலிருந்து இலங்கையில் இடைவிடாமல் வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு நாடற்றவர்கள். தோட்டத்து ஆபீசிலோ, பழைய பேர்ப்பதிவே இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்து செல்லசாமி வாத்தியார்தான் வழி சொன்னார். "அந்தக் காலத்து கிரேக்க நாட்டுல ஏதென்ஸ்னு ஒரு பட்டணம். பதவிக்கு வர்றவன நிறுத்தி, 'ஒன் அப்பன் யாரு? குடும்பத்துச் சமாதி எங்க இருக்கு?'ன்னு கேப்பாங்களாம். சமாதி இருந்தா அவன் அந்த ஊருக்காரன்."

மாயாண்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தேயிலைக்குள் புதைந்து கிடந்த கல்லைப் பெயர்த்தெடுத்தபோது, பெற்ற அப்பனின் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று விம்மி விம்மி அழுதான்.

"மாமா நம்மளக் கைவிட மாட்டாருங்க" என்றாள் ராக்காயி. "என்னையக் கட்டுறதுக்கு நீங்க இந்தியா வந்தப்பகூட, அவரு இந்த மலைய விட்டு எறங்கலையே."

ஹட்டனில் விசாரணை அதிகாரி மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்தார். 'வீரய்யா, மரணம் 1946' என்றிருந்தது. மனுவைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ எப்பவாவது நாட்ட விட்டுப் போயிருக்கியா?"

பொய் சொல்ல மாயாண்டிக்கு வாய் வரவில்லை. "நாப்பதுல, கலியாணத்துக்குப் போனேங்க. பதினாலு மாசம்."

"பன்னெண்டு மாசத்துக்கு மேல போயிருந்தா சட்டப்படி தொடர்ச்சி அறுந்துபோச்சு. மனு தள்ளுபடி."

ராக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாயாண்டி கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கதறினான்.

"எங்கப்பாரு எங்கயும் போகலீங்க தொரை! வந்த நாள்லருந்து இங்கதான் இருந்தாரு! இன்னைக்கும் இங்கதான் இருக்காரு!"

அதிகாரி ஃபைலை மூடினார்.

"அப்ப அவர மனுப் போடச் சொல்லு."