ஒரு சாண் பச்சை

"ஏப்பா, சைக்கிள் பூராச் செவப்பு அடிச்சிட்டு, நடுவுல மட்டும் ஒரு சாண் பழைய பச்சையை விடச் சொல்றியே? பாக்குறவுக உன்னையா வைவாக? என் கடையைத்தான் காறித் துப்புவாக!"

கம்பத்தில் இருபது வருசமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷரீப், ஒரு வாடிக்கையாளரிடமும் இப்படிக் கத்தியதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் சுருளியாண்டி அசைந்து கொடுக்கவில்லை.

"துப்புனா துப்பட்டும் பாய். துருப்பிடிச்ச இடமெல்லாம் தேய்ச்சுப் புதுசா பெயிண்ட் அடிங்க. நடு பார்ல இந்த ஒரு சாணை மட்டும் தொடாதீக. மேல ஒட்டியிருக்கிற கண்ணாடித் தாள் பழசாப் போச்சு. அதைப் பதனமா உரிச்சிட்டு, வேற தாள் ஒட்டிக் குடுங்க. அங்கன கீறல் பட்டுறக் கூடாது."

"கீறலா? ஏற்கெனவே கோழி கிளறின மாதிரித்தானப்பா கெடக்கு!"

"அது கெடக்கட்டும்."

பக்கத்து ஸ்டிக்கர் கடை ஏசுதாசன் கண்ணாடித் தாளை அளந்து வெட்டிக்கொண்டே சிரித்தார்.

"புது வேட்டியில பழைய கோவணத்தை ஒட்டுப் போடச் சொல்றாரு. போட்டுக் குடுங்க பாய்!"

சுருளியாண்டியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார்.

"பாய், அந்த ஒரு சாணு... மறந்துறாதீக."

மூன்றாம் நாள் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அந்த ஒரு சாணைத் தவிர.

ஷரீப்புக்கு மனசு ஆறவில்லை. எந்த வேலையாகத் திரும்பினாலும் கண் அங்கேதான் போய் நின்றது. மஞ்சளடித்துப்போன தாள். அதன் மேல் வருசக்கணக்கான அழுக்கு. அடியில் கோணல்மாணலாகக் கீறல். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் கீறி வைத்திருக்கிறான்.

'அந்த மனுசனுக்குக் கேக்கத் தெரியல. நாமளா அடிச்சுக் குடுத்துட்டா, பாத்துட்டுக் குளுந்து போவாரு.'

தாளை உரிக்கப் பிளேடும், கீறலைத் தேய்க்க உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் குந்தினார்.

"அண்ணே, வண்டி முடிஞ்சிருச்சா?"

வாசலில் ஒரு பெண். கையெல்லாம் திராட்சைக் கறை.

"தோட்டத்துல இன்னைக்குப் பழ வெட்டு. அவுகளால வர முடியல. என்னைய எடுத்தாரச் சொன்னாக."

"யாரு வண்டி தங்கச்சி? நாலு வண்டி முடிஞ்சு நிக்குது. பேரைச் சொல்லு."

"எம் பேரைக் கேளுங்க, மொக்கம்மாள்னு நூறு தரம் சொல்றேன். புருசன் பேரை எப்படிண்ணே சொல்றது?"

"சொல்லாம எப்படிக் குடுக்கிறது?"

மொக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"இங்கன தெக்க, மலையில இருந்து தண்ணி விழுகுதுல்ல? சனம் போய்க் குளிக்குமே? அந்த இடத்துப் பேரு பாதி. மீதிப் பாதி, பழனி மலையில மொட்டைத் தலையும் தண்டுமா நிக்கிறாரே, அவரு."

ஷரீப்புக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விளையாட்டை விட மனசில்லை.

"அருவி முருகனா? அப்படி யாரும் இங்க வண்டி விடலையே!"

"ஐயோ அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி தங்கச்சி, வாயால சொல்ல வேணாம். எழுதிக் காட்டு, குடுத்துடறேன்."

அப்போதுதான் அவள் கண்ணில் அந்த ஒரு சாண் பச்சை பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"அதை எதுக்குண்ணே இன்னொரு தரம் எழுதணும்? இந்தா, இங்கன எழுதியிருக்குல்ல!"

முந்தானையால் தாளை அழுத்தித் துடைத்தாள். அழுக்கு விலகியது. கோழி கிளறிய கீறல்கள் ஒவ்வொன்றாக எழுத்தாகி நின்றன.

சுருளியாண்டி.

"அறிவொளி வகுப்புல நான் எழுதப் படிச்ச வாரம்ணே. வாயில வராத பேரு கையில வந்திருச்சு. அந்தச் சந்தோசத்துல கண்ணு மண்ணு தெரியல. வாசல்ல நின்ன வண்டியில ஆணியால கீறிப்புட்டேன். வாங்கி ஒரு மாசங்கூட ஆகாத வண்டி! கொன்னுபுடுவாகன்னு நடுங்கிப் போனேன்."

"வைஞ்சாரா?"

"எங்கிட்டு? மறுநாளு கண்ணாடித் தாளோட வந்து நின்னாக. 'நீ எழுதுன எம் பேரு மேல வேற கீறல் விழுந்துறக் கூடாது'ன்னு சொல்லி ஒட்டிட்டாக."

ஷரீப் பிளேடை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அதென்னண்ணே கையில? உப்புத்தாளா?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி." ஷரீப் அந்த உப்புத்தாளால் தன் உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். "புதுத் தாள் ஒட்டப் போறேன்ல, கை சுத்தமா இருக்கணும்."