ஸ்மராண்டாவின் ஜோடி

ஸ்மராண்டாவுக்கு நடந்தது அநியாயம். இரண்டாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். பிரெஞ்சு பாடத்தில் ஜோடி ஜோடியாகப் பேசிப் பழக வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு ஜோடி உண்டு. அவளுக்கு மட்டும் ஒரு காலி நாற்காலி.

யாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து, ப்ரூத் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பள்ளிக்குப் ஆசிரியர் பயிற்சிக்காகப் போயிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதுதான் என் வேலை. கவனித்தேன். கொதித்தேன்.

அவள் முறை வந்ததும் நாற்காலியைப் பார்த்து, "ஊ எ லா கொம்?" என்பாள் ஸ்மராண்டா. ரப்பர் எங்கே?

நாற்காலி என்ன சொல்லும்? உதட்டுக்குள் ஐந்து வரை எண்ணுவாள். பிறகு அடுத்த கேள்வி. சாக்பீஸ் எங்கே? மறுபடியும் ஐந்து.

"உன் ஜோடிக்குக் காது மந்தமாடி? நல்லாக் குடைஞ்சு விடு, பேசும்!" என்பான் முன் வரிசை கோஸ்மின்.

வகுப்பு சிரிக்கும். அவள் திரும்பக்கூட மாட்டாள்.

"கோஸ்மின், வாயை மூடு" என்பார் ஒக்தாவியா டீச்சர். அவ்வளவுதான். அதோடு, தன் கைப்பேசியை வேறு அந்த நாற்காலியில் கவிழ்த்து வைத்திருப்பார். பிள்ளைக்கு ஜோடி கிடையாது, டீச்சரின் கைப்பேசிக்கு இருக்கை உண்டு!

வராந்தாவில் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு இடத்துல மூணு பேரா உக்கார வச்சா முடிஞ்சுது. அதுல என்ன கஷ்டம் டீச்சர்?"

"ஒரு கஷ்டமும் இல்ல."

"பின்ன?"

"அவ அப்படியே இருக்கட்டும்."

"அவங்க அம்மா பிரான்சுக்கு வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு. இவ பெரியம்மா வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கா. அங்கயும் தனி, இங்கயும் தனியா?"

"தெரியும்மா. நீ சாப்பிட்டியா?"

இப்படிப் பேச்சை மாற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மார்ச் முதல் தேதி வந்தது. சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூலைப் பிள்ளைகள் அம்மாவுக்கும் டீச்சருக்கும் கொடுக்கும் நாள். ஒக்தாவியா டீச்சரின் மேல்சட்டை முழுக்க நூலாகத் தொங்கியது. ஸ்மராண்டா தன் நூலைக் கொண்டுபோய் அந்த நாற்காலியின் முதுகில் கட்டினாள். ஒரு முடிச்சு போதாதென்று இரண்டு முடிச்சு.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று போய், கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கேளு கண்ணு. நான் பதில் சொல்றேன்."

"எழுந்திருங்க அக்கா."

"ஏன்?"

"ஆள் இருக்கு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டார்களே!

அன்று மாலையே தலைமையாசிரியருக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் அறையில் விசாரணை. ஸ்மராண்டாவை நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

"காரணம் சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"காரணம் இருக்கு சார். யாருக்கும் சொல்றதில்லைன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இதுக்கெல்லாம் வாக்கா? அப்படின்னா நாளையிலிருந்து இரண்டாம் வகுப்பு உங்களுக்கு இல்ல."

"சரிங்க சார்."

டீச்சர் எழுந்துவிட்டார். ஒரு வாதம் இல்லை, ஒரு மறுப்பு இல்லை. குற்றவாளி வேறெப்படி இருப்பார் என்று நினைத்தேன்.

ஸ்மராண்டா என் கையை உதறினாள். நேராக டீச்சரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க டீச்சர். அம்மா திட்டினா நான் பாத்துக்கறேன்."

டீச்சர் கொடுக்கவில்லை. அவளே அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு பிரெஞ்சு வராது சார்" என்றாள் தலைமையாசிரியரிடம். "அங்க பிரெஞ்சுல பொளந்து கட்டறாங்கன்னு ஊர்ல எல்லாரும் நெனச்சிட்டு இருக்காங்க. ஆனா அம்மா படுத்த படுக்கையா இருக்கிற ஒரு தாத்தாவைப் பாத்துக்கறாங்க. அவர் பேசவே மாட்டாரு. அம்மாவும் யார்கிட்ட பேசுவாங்க? பேச வந்தாத்தான் வேற வேலை கிடைக்குமாம். அது கிடைச்சாத்தான் என்னைக் கூட்டிட்டுப் போக முடியுமாம்."

கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் கேக்கறதை டீச்சர் பதிவு பண்ணி அனுப்புவாங்க. நான் அஞ்சு எண்றேன் இல்ல, அந்த இடத்துல அம்மா பேசி, திருப்பி அனுப்புவாங்க."

அப்போதும் நான் விடவில்லை. "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே அக்கா."

சொல்லிவிட்டுத் திரையைத் தொட்டாள். கைப்பேசியைத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்து, காதை அதன் பக்கமாகச் சாய்த்தாள். முதலில் வகுப்பின் சிரிப்பு கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"ஊ எ லா கொம்?"

ஒன்று. இரண்டு. எங்கேயோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். மூன்று. யாரோ ஒரு கிழவர் இருமினார். நான்கு.

"லா கொம்... எ... சூர்... லா தாபிள்."

ரப்பர் மேசை மேல் இருக்கிறது. சொல்லி முடித்ததும், எங்கள் மொழியில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல அந்தக் குரல் தாழ்ந்தது.

"இந்தத் தடவையாவது அம்மா சரியாச் சொன்னேனாடா?"