இன்ஜின் நின்ற முறுக்கன்

ஒரு கரை பாறை, மறு கரை சேறு. நடுவே குறுகலான கழிமுகம். அங்கே விசைப்படகுதான் பாய்த்தோணிக்கு வழிவிட வேண்டும். முறுக்கன் என்ற விசைப்படகு ஒருநாளும் விட்டதில்லை. போன வருஷம் அங்கே போய்வரும் ஒரு பாய்த்தோணியின் விலாவையே உடைத்தது.

இன்று அது சத்தமில்லாமல் அதே தோணிக்கு எதிரே மிதந்து வந்தது.

“அக்கா, இன்ஜின் நின்னுபோச்சு. ஒதுங்கு, உன்மேல மோதிடுவேன்” என்றது முறுக்கன்.

“யாரு ஒதுங்கணும்? முறையைச் சொல்லு.”

“நான்தான். திரும்ப முடியலையே! தண்ணி பாறைக்கு இழுக்குது.”

“இப்பத்தான் ஐயாவுக்கு முறை ஞாபகம் வருது” என்று முணுமுணுத்தபடி தோணி சேற்றோரம் ஒதுங்கியது. முறுக்கன் தாண்டும்போது அதன்மேல் கயிற்றை வீசித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்ற, இரண்டும் சேற்றில் தட்டி நின்றன.

“என்னால நீயும் மாட்டிக்கிட்டியே, அக்கா.”

“பேசாம இரு. எங்கேயாவது அடி பட்டுச்சா?”