ஈ சொன்ன சம்மதம்

“கல்யாண நாளும் அதுவுமா ஈயைக் கட்டிக்கிட்டு அழணுமா? பதிவாளர் பன்னிரண்டுக்கு எழுந்து போயிடுவாராம்!”

ஆய்வகக் கதவருகே அப்பா பத்தாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்தே நிமிஷம்ப்பா. இந்த ஈயை விட்டா இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

புதுப்புடவை கசங்குவதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவள் நுண்ணோக்கிமேல் கவிழ்ந்திருந்தாள்.

கண்ணாடித் தட்டில் ஒரு பெண் பழ ஈ. நேற்றுத்தான் இணை சேர்ந்தது. சேர்ந்தபின் சில நாட்களுக்கு எந்த ஆணையும் அது அண்டவிடாது.

அந்த ‘வேண்டாம்’ மூளையின் எந்த மூலையிலிருந்து வருகிறது?

ஒரு சின்னக் கொத்து நரம்பணுக்கள்மேல் அவளுக்குச் சந்தேகம். சூடு ஏறினால் அவை மட்டும் உறங்கிப்போகும்படி இந்த ஈயை வளர்த்திருந்தாள். இதற்கு முன் ஐந்து மாதமாக எந்த ஈயும் பிடிகொடுக்கவில்லை.

ஆண் ஈ வந்தது. ஒற்றைச் சிறகை நீட்டி அதிரவைத்துப் பாடியது.

விட்டது பெண் ஈ, ஓர் உதை.

அவள் சூட்டைக் கூட்டினாள்.

ஆண் ஈ மானம் பார்க்காமல் மறுபடி பாடியது. இம்முறை பெண் ஈ ஓடவில்லை. உதைக்கவில்லை. நின்று கேட்டது.

இரண்டும் சேர்ந்தன.

“அப்பா!” என்று கத்தியவள், அவரை இழுத்துவந்து லென்ஸில் கண்ணை வைக்கச் சொன்னாள்.

அவசரத்தை மறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சூடு ஆறினதும் பழையபடி வேணாம்னுடுமா?”

“அதைத் திங்கக்கிழமை பார்த்துக்கலாம். வாங்க, ஓடலாம்!”

அப்பாவின் முகம் ஏனோ வாடியது. பதிவு அலுவலகம் வரை கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பதிவாளர் எழுவதற்கு நான்கு நிமிடம் இருந்தது. பெஞ்சில் பள்ளி நூலகர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அப்பா மூன்று முறை கேட்டும் மறுத்துவிட்டு, போன மாதம்தான் சரி என்றவர்.

அவரைக் கண்டதும் அப்பாவுக்கு உயிர் வந்தது. மணமகன் என்ற இடத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

சாட்சிக்கான இடத்தில் அவள் கையெழுத்திட்டு, உறவு ‘மகள்’ என்று எழுதினாள்.

“யாருக்கு மகள்?” என்றார் பதிவாளர்.

அப்பா வாயெடுக்கும் முன் மணப்பெண் சொன்னார்:

“ரெண்டு பேருக்கும்தான்.”