வீதிக்கு வைக்காத பெயர்

ஒஸ்லோவின் குரோருட் பகுதி உள்ளூர்ச் சபைக் கூட்டம் முடிந்து வெளியே வந்த கனகேஸ்வரியை, தமிழ் வானொலிச் செய்தியாளர் வினோஜா மைக்கை நீட்டி மறித்தாள். ஸ்தவாங்கர் நகரிலிருந்து ஒஸ்லோவுக்கு வினோஜா குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"புது வீதிக்கு அமரர் சந்திரமோகன்ரை பேரை வைக்க நோர்வேக்காரரே ஓம் எண்டவை. சபையிலை இருக்கிற ஒரே தமிழாள் நீங்கள். நீங்களே அதை நிப்பாட்டிப் போட்டியள்."

"ஓம், நான்தான் நிப்பாட்டினனான்."

"இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பந்தடிக்கப் பழக்கின மனுசன். சுனாமிக்கு உதவ எண்டு மட்டக்களப்புக்குப் போய்க் காணாமல் போனவர். அவரிலை உங்களுக்கு என்ன கோபம், அக்கா?"

"கோபமில்லைப் பிள்ளை. உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரை இஞ்சை வீதிக்கு வைக்கிறதில்லை."

"அவர் போய் மூண்டு வருசமாச்சு. செத்திட்டார் எண்டுதானே எல்லாரும் கதைக்கினம்."

"கதைக்கட்டும். குடும்பம் சம்மதிக்காமல் சபை பேர் வைக்காது."

"அப்ப அவரின்ரை குடும்பத்திட்டை ஆரும் கேட்டவையே?"

"கேட்டவை. எல்லாருக்கும் முன்னாலை, என்னட்டைத்தான் கேட்டவை." நெற்றியிலிருந்த குங்குமம் கலையாமல் கனகேஸ்வரி கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "அவர் வந்து இறங்கேக்கை அந்தப் பலகையைக் கண்டு, கட்டின மனுசியே என்னைச் சாகடிச்சுப் போட்டாள் எண்டு நினைக்கக் கூடாது."

வினோஜா மைக்கை இறக்கினாள். நிமிர்ந்து நடந்து போகிறவளைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் காலைச் செய்தியில், தான் எழுதியிருந்த 'அமரர்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'திரு. சந்திரமோகன்' என்று வாசித்தாள்.